நானே பேசுறேன்

துபாயின் தேராவில் ஒரு மூன்றாம் மாடி அறை, பெண்களுக்கான அரபி வகுப்பு. ஏசி உறுமிக்கொண்டிருக்கிறது. திரைச்சீலை இடுக்கில் நுழைந்த மாலை வெயில், டீச்சர் ஃபஸ்னா விரித்து வைத்திருக்கும் அரபிப் புத்தகத்தின் விமானப் படத்தில் விழுந்து கிடக்கிறது. விமான நிலையப் பாடத்தை இன்றைக்கே முடிக்க வேண்டுமென்பது வகுப்பு நடத்தும் சென்டரின் உத்தரவு. “பிளேன் எங்கயும் ஓடிடாது டீச்சர், மொதல்ல இதக் கேளுங்க” என்று மாணவி நாகவள்ளி கைப்பேசியை நீட்டுகிறாள். மகள் அருணாவின் பள்ளிக்கூடத்து அரபி மிஸ் அனுப்பிய வாய்ஸ் நோட். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். இதற்கெல்லாம் இதுவரை பதில் சொன்னது புருஷன்தான், அதுவும் இங்கிலீஷில். “இன்னிக்கு நானே பேசுறேன்.” ஃபஸ்னா புத்தகத்தைப் பார்க்கிறாள். பிறகு அதை மூடி, சிவப்புப் பேனாவை அதன்மேல் வைக்கிறாள். “பேசுங்கக்கா.” நாகவள்ளியின் கட்டைவிரல் மைக்கை அழுத்துகிறது. என் மகளுக்குப் பயம், எனக்கும் பயம், ஆனாலும் பேசுகிறேன் என்று தட்டுத்தடுமாறி வருகிறது அரபி. அங்கங்கே பிசகு. திருத்தம் ஃபஸ்னாவின் நுனிநாக்கு வரை வந்துவிடுகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மெசேஜ் போய்விட்டது. மற்ற பெண்களும் அவள் கைப்பேசியை எட்டிப் பார்க்கிறார்கள். கீழே தெருவில் எவனோ ஹாரனை விடாமல் அடிக்கிறான். பதில் வருகிறது: படபடவென்று பொரியும் அரபி, கடைசியில் ஒரு சிரிப்பு. அர்த்தம் சொல்ல ஃபஸ்னா வாயெடுக்கிறாள். “இருங்க டீச்சர்” என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டு, நாகவள்ளி அதை மறுபடி ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். இந்தத் தடவை, மிஸ் சிரிப்பதற்கு முன்பே அவள் சிரித்துவிடுகிறாள்.