சலவைச் சட்டை

"ஒம் புருஷனுக்கு இன்னைக்கு என்ன குழம்பு தாயி?" என்று கேட்டுக்கொண்டே ஏட்டு மாயகிருஷ்ணன் தூக்குச்சட்டியைத் திறந்து, கரண்டியால் ஒரு கிளறு கிளறினார்.

"கருவாட்டுக் குழம்பு அய்யா" என்றாள் சங்கரம்மாள்.

கோவில்பட்டி சப்-ஜெயில் வாசலில் இன்னும் சில பெண்கள் சட்டியும் பையுமாக வெயிலில் நின்றார்கள். நெருங்கிய உறவென்றால்தான் உள்ளே விடுவார்கள். அதிலும் கைதியின் பெயரை வாயால் சொன்னால்தான் கூப்பிடுவார்கள்.

"செத்த நில்லு தாயி. அந்தப் புதூர்க்காரி வெள்ளனத்துல இருந்து நிக்கா. ஏட்டி, நீ யாரைப் பாக்கணும்?"

சாராய ஊறல் போட்டுப் பிடிபட்டவனின் மனைவி அவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான் அய்யா, கழுத்துல பாம்பைச் சுத்திக்கிட்டு மலையில இருக்காரே."

"சிவனா?"

"முன்னால இன்னும் கொஞ்சம் இருக்கு."

"பரமசிவனா?"

அவள் தலையை ஆட்டியதும் வரிசையே சிரித்தது. ஏட்டும் சிரித்துவிட்டார். "கட்டினவன் பேரைச் சொல்லக்கூடாதுன்னு ஆளுக்கொரு விடுகதை போடுதிய. ஜெயில் வேலையை விட இதுதான் பெரிய வேலையாப் போச்சு. நீ சொல்லு தாயி."

"சோலைச்சாமி" என்றாள் சங்கரம்மாள் பட்டென்று.

புதூர்க்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாக்கு கூசலையா தாயி?"

"டவுன்காரி. சினிமா பாத்துப் பழகியிருப்பா" என்றார் ஏட்டு.

சங்கரம்மாள் சாலைப் பக்கம் திரும்பினாள். சாலைக்கு அப்பால் டீக்கடையில் லாரிக்காரர்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சு ஓரத்தில் சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் மட்டும், ஆறிப்போன டீயைக் கையில் வைத்தபடி குனிந்தே உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் சோலைச்சாமி வந்து நின்றான். தாடி மண்டியிருந்தது. அவள் சட்டியைக் கம்பிக்கு அடியில் தரையில் வைத்துத் தள்ளினாள். அவன் குனிந்து எடுத்துக்கொண்டான். ஏட்டு கொஞ்சம் தள்ளி நின்று பீடி பற்றவைத்ததால் இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

"நாளைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கிடப் போறேன்" என்றான் அவன். "வண்டியை ஓட்டுனது நான்தான்னு."

கயத்தாறு விலக்கு ரோட்டில் அந்தத் தீப்பெட்டி லாரி ஒரு சைக்கிள்காரர் மீது ஏறியபோது, சோலைச்சாமி பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அது அவர்கள் இருவருக்கும் தெரியும். ஏட்டுக்குத் தெரியாது.

"இடைசெவலுக்குப் போனேன்" என்றாள் சங்கரம்மாள். "செத்தவிய வீட்டுக்கு. அந்த வீட்டம்மா என்னை யாருன்னுகூடக் கேக்கலை. வெயில்ல வந்திருக்கேன்னு குடிக்கத் தண்ணி குடுத்துச்சு."

அவன் முகம் சுருங்கிப்போனது. "அங்க எதுக்குப் போகணும்?"

"ஓட்டுனவிய வெளியே இருக்கும்போது நீங்க எதுக்கு உள்ள இருக்கணும்?"

"கிளீனரா வந்தவனை டிரைவர் ஆக்குனது அண்ணாச்சி. கைபிடிச்சு ஸ்டியரிங் பழக்குனவிய. மூணு பொட்டப்பிள்ளைக. அவிய உள்ள வந்துட்டா அந்த வீடு என்ன ஆகும்?"

"ஒங்க லைசென்ஸு போயிருமே. அப்புறம் யாரு வண்டி குடுப்பா?"

"போனாப் போகுது."

சங்கரம்மாள் கம்பியை இறுகப் பிடித்தாள். "அண்ணாச்சி பெஞ்சாதி தூங்குதாளான்னு ஒருநாளாவது நெனைச்சியளா? பிள்ளைகளுக்குச் சோத்தைப் போடும்போது, இது யாரு ஜெயில்ல இருந்து குடுக்குற சோறுன்னு அவளுக்கு ஒரு வாய் எறங்கலை."

அவன் சட்டியின் மூடியை அழுத்தி மூடினான்.

"அந்த மதினி நல்லாச் சாப்பிடணும். பிள்ளைகளைப் பாக்கணும்" என்றான் மெதுவாக. "அவிய மேல ஒரு குத்தமும் இல்ல."

"தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்காளே, அது குத்தம் இல்லையா?"

அவள் குரல் உடைந்ததும் ஏட்டு திரும்பிப் பார்த்தார். பீடியைக் காலில் மிதித்து அணைத்துவிட்டு வந்தார். அவருக்கும் கல்யாணமான மகள் இருக்கிறாள்.

"அழாத தாயி. இப்படி வேளை தவறாம சோறு கொண்டாரதுக்கு ஒருத்தி இருந்தா, எத்தனை மாசம் போட்டாலும் ஓடிப்போயிரும்" என்று சொல்லி அவளை வாசலுக்கு அழைத்து வந்தார். "மாஜிஸ்ட்ரேட் முன்னால அழுக்குச் சட்டையோட நிக்கவேண்டாம். காலையில வரும்போது ஒம் புருஷனுக்குச் சலவைச் சட்டை ஒண்ணு கொண்டா."

அவள் இரண்டடி நடந்து நின்றுவிட்டாள். கம்பிக்குள்ளிருந்து சோலைச்சாமி வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சாலையின் எதிர்ப்புறத்தைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரவிய சலவைச் சட்டை போட்டுத்தான் வந்திருக்காவ அய்யா. அந்தா, டீக்கடையில இருக்காவ, கூட்டியாரேன்."