ஊசியை நிறுத்துங்க!

"இனிமே இவளுக்கு இந்த ஊசி போடக் கூடாது. சொல்லிட்டேன்!"

மாமியார் போட்ட சத்தத்தில், ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மருந்தை எடுக்கப் போன நர்ஸ் அப்படியே திரும்பினாள்.

மருமகள் சட்டைக் கையை மடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள்.

"அத்தை, வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசினா நீ காதுலயே வாங்க மாட்டே!"

"ரெண்டாவது பிரசவத்துல நான் பிழைச்சதே பெரிசு. இனிமே பிள்ளை வேணாம்னு நானும் அவரும் முடிவு பண்ணியாச்சு. நீங்க கத்தினாலும் சரி, கதறினாலும் சரி, நான் ஊசி போட்டுக்கத்தான் போறேன்."

"அப்படிச் சொல்லும்மா!" என்றாள் பெஞ்சில் இருந்த ஒருத்தி. மாமியார் அவளை முறைத்தாள்.

நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. தவறாம போட்டுக்கிட்டா கரு தங்கறது ரொம்ப அபூர்வம். வேணாம்னா நிறுத்திக்கலாம். மறுபடி கரு தங்கக் கொஞ்ச மாசம் ஆகும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? விட்டு விட்டு ரத்தம் போகுது. பஸ்ஸை நடுவழியில நிறுத்திட்டு பாத்ரூம் தேடி ஓடறா. தலைவலி மண்டையைப் பிளக்குது. உடம்பு ஊதிப்போய் யூனிஃபார்மைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறேன் நான்!"

"சிலருக்கு அப்படி ஆகும்மா. ரொம்ப வருஷம் போட்டா எலும்புகூடக் கொஞ்சம் வலு குறையும். எல்லாம் சொல்லித்தான் போடறோம். ஆனா, முடிவு அவங்களோடது. உங்களுக்குப் பேரப்பிள்ளை வேணுங்கறதுக்காக..."

"யாருக்கு வேணும் பேரப்பிள்ளை? இருக்கிற ரெண்டு வாண்டுகளை மேய்க்கறதுக்குள்ளயே எனக்கு நாக்கு தள்ளுது!"

நர்ஸ் விழித்தாள். மருமகளும்தான்.

மாமியார் கதவைத் திறந்து குரல் கொடுத்தாள். "டேய், உள்ள வா!"

மகன் வந்து நின்றான். ஆறடி ஆள். கரண்ட் கம்பத்தில் ஏறுகிற வேலை. அத்தனை பெண்களைப் பார்த்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தான்.

"ஆம்பளைங்களுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் இருக்காமே சிஸ்டர்? அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாமாமே?"

"இருக்கும்மா. ஆனா, அவரே மனசார ஒத்துக்கணும். அதுக்கப்புறமும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற வரைக்கும் மூணு மாசம் கவனமா இருக்கணும்."

மகன் மனைவியைப் பார்த்தான். "கத்தின்னாலே எனக்குப் பயம். அதை வெளிய சொல்லாம எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டேன். 'எல்லாக் கஷ்டமும் அவளுக்கு மட்டும்தானாடா?'ன்னு காலையில அம்மா கேட்ட கேள்வியில மானமே போச்சு. நான் பண்ணிக்கறேன்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்த மூணு மாசத்துக்கு இன்னிக்கு ஒண்ணு போட்டுடுங்க சிஸ்டர். இதோட சரி."

"மாமியார்னா இப்படி இருக்கணும்!" என்று உருகினாள் பெஞ்சில் இருந்தவள்.

மாமியார் அவள் பக்கம் திரும்பினாள்.

"அது கிடக்கட்டும். உன் வீட்டுக்காரர் எங்கேம்மா?"