முசல்லமின் நான்கு டயர்கள்

ஒன்பது வருடங்களுக்கு முன் என் தம்பி முசல்லம் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வஹீபா பாலைவன மணலுக்குள் போனான், திரும்பவில்லை. மணலில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை இறக்காமல் போய்ப் புதைந்துவிட்டான் என்று ஊர் பேசியது. எங்கள் குடும்பத்தில் அப்படியொரு மடையன் பிறந்ததில்லை.

நேற்றைய சூறைக்காற்றில் மணற்குன்று நகர்ந்து வண்டி வெளியே தெரிந்தது. உள்ளே ஆளில்லை.

"உங்க தம்பி தார்ரோட்டுக் காத்து முப்பத்தஞ்சோடதான் இறங்கியிருப்பாரு, அபூ சாலிம். ஒட்டகமே சிரிச்சிருக்கும்," என்றான் பக்கத்துவீட்டு கல்ஃபான்.

"வாயை மூடிட்டு டயர்க் காத்தை அளந்து பாருடா."

அளந்தான். நான்கிலும் பதினைந்து. மணலுக்குரிய அளவு. ஒன்பது வருடம் புதைந்த டயரில் காற்றே இருந்திருக்கக் கூடாது. கல்ஃபான் மறுபடியும் அளந்தான்.

நான் கதவைத் திறந்தேன். வால்வு மூடிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு காற்றிறக்குவது முசல்லமின் வழக்கம். இருக்கையில் நான்கு மூடிகளும் கிடந்தன. எச்சில் ஈரம் காயவில்லை.