உளவாளியின் உண்மை ரசிகன்

ரசிகன் என்றால் சிவப்பனைப்போல இருக்கவேண்டும். பழைய தியேட்டர் ஒன்றில் நாற்காலிப் பஞ்சுக்குள் குடியிருந்த மூட்டைப்பூச்சி அது. புது உளவாளிப் படத்தின் நாயகன்தான் அதற்குத் தலைவர். பஞ்சைவிட்டுத் தலையை நீட்டி ஒருநாளும் திரையைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

"வெள்ளிக்கிழமை ஒரு சீட் காலியில்லை. என் வயிறே சாட்சி. வசூல் பிச்சுக்கிட்டுப் போகுது," என்றது சிவப்பன்.

பக்கத்து நாற்காலியில் குடியிருந்த மூட்டைப்பூச்சி கட்டையன் கொட்டாவி விட்டது. "இன்னைக்குச் செவ்வாய். உள்ள மொத்தமே நாலு பேர். விமர்சனம் கேட்டியா? யாராலயும் உட்கார்ந்து பார்க்க முடியலையாம்."

சிவப்பனுக்குச் சுருக்கென்றது. உட்கார முடியாததற்கு யார் காரணம் என்று அதற்குத் தெரியாதா என்ன?

"அப்ப தப்பு நம்ம மேலதான். தலைவருக்காக இன்னைக்குப் பட்டினி," என்று சபதம் எடுத்தது. கெஞ்சிக் கூத்தாடிக் கட்டையனையும் வாயைக் கட்ட வைத்தது.

படம் தொடங்கியது. சிவப்பன் மேல் உட்கார்ந்தவர் சுகமாகச் சாய்ந்தார். உளவாளி முதல்முறை துப்பாக்கியால் சுடுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

"இதுதான்டா நிஜமான விமர்சனம்," என்றது கட்டையன்.

சிவப்பன் தலைவரை மனதில் நினைத்துக்கொண்டு, இருந்த பசியையெல்லாம் கூட்டி நறுக்கென்று ஒரு கடி கடித்தது. மனிதர் துள்ளி எழுந்தார்.

"பார்த்தியா," என்றது சிவப்பன், "எழுந்து நின்னு ரசிக்கிறாரு."