கண்ணாடி போட்ட பூச்சி

"தொடப்பத்தக் கீழ போடு! எங்க நைனாவையா அடிக்கப் போற?"

பக்தவச்சலம் போட்ட கூச்சலில் மாமல்லபுரத்தின் அந்தத் தெருவே அவர் வாசலில் கூடிவிட்டது.

அன்று அவருடைய தந்தையின் திதி. படத்திற்கு மாலை போடச் சென்றவர், சட்டத்தின்மேல் இரண்டு உள்ளங்கை அகலத்திற்குச் சிறகு விரித்திருந்த தவிட்டு நிற அந்துப்பூச்சியைக் கண்டார். ஒவ்வொரு சிறகிலும் ஒரு வட்டக் கண்.

"பூச்சின்னா பூச்சிதான். அதுக்கு இன்னா இம்மாங் கூச்சலு?" என்றாள் அவர் மனைவி தனக்கோடி, துடைப்பத்தை விடாமல்.

"நைனா கண்ணாடி போட்டுகினு வந்து குந்திகினு கீறாரு. உனுக்குப் பூச்சியாத் தெரியுதா?"

பக்கத்து வீட்டு அப்துல் கையூம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, நாலு கண்ணு கீது?"

"கண்ணாடியோட சேத்து நாலு, பாய்!"

கணக்குச் சரியாக இருந்தபடியால் கையூம் மேற்கொண்டு கேட்கவில்லை.

அறை முழுவதும் பக்தவச்சலத்தின் கருவாட்டு மூட்டைகள்.

"எல்லாத்தையும் வெளிய தூக்குங்க. நைனாவுக்கு மூச்சு முட்டும்!"

ஆயுள் முழுவதும் கருவாட்டு மூட்டையின்மேலேயே உறங்கியவருக்கு, இறந்தபின் அந்த வாடை ஆகாமற் போய்விட்டது.

"மூட்டைய எங்க போடறதாம்?" என்றாள் தனக்கோடி.

"வாசல்ல போடு. நனைஞ்சா நனையட்டும்."

"உன் தங்கச்சி முட்டுக்காட்லேந்து ஆளனுப்பி, 'அம்மாவ இட்டுகினு போ, இனிமே எங்க வூட்ல வச்சிக்க முடியாது'ன்னுச்சே. அப்ப, 'மூட்டை கீது, எடம் எங்க கீது'ன்ன?"

"அது வேற, இது வேற. அம்மா உசுரோட கீது, எங்கியாவது இருந்துக்கும். நைனா எங்க போவாரு, பாவம்!"

கூட்டத்திலிருந்த பெண்கள் முகவாயில் கை வைத்தனர்.

"மாமனாரையே தொடப்பத்தால வெரட்டறா பாரேன். இவ வூட்ல மாமியா எப்படிடீ இருக்கும்?"

தனக்கோடி முணுமுணுத்தபடியே அறையைக் கழுவினாள். புதுப் பாய் விரித்தாள். பக்தவச்சலம் கிண்ணத்தில் பால் வைத்தார். பூச்சி திரும்பியும் பார்க்கவில்லை.

"கோவமா கீறாரு," என்றவர், சமாதானத்திற்கு வெற்றிலை சீவல் வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். "வெளக்கு ஏத்தாத. நைனா நெருப்புல வுழுந்துருவாரு!"

இருட்டும் வேளையில் திரும்பியபோது அறையில் விளக்கு எரிந்தது. படத்தின்மேல் பூச்சி இல்லை. பாயின்மேல், கால்வாய்ப் படகில் வந்திறங்கிய அவருடைய தாய் ஜெகதாம்பாள், துணி மூட்டையை மடியில் வைத்தபடி ஒடுங்கி அமர்ந்திருந்தார்.

"நைனா எங்கடீ?"

"போய்ட்டாரு. போம்போது, 'பாய் காலியாக் கெடக்கக் கூடாது, அவள இட்டாந்து குந்த வை'ன்னாரு. ஆளனுப்பி இட்டாந்துட்டேன்."

"உன்கிட்டயா சொன்னாரு?"

"நீ வூட்ல இல்லியே!"

தந்தை வந்ததைத் தெருவுக்கே பறைசாற்றியவர், தந்தை பேசியதை மட்டும் எவ்வாறு மறுப்பது? வாசலில் கையூம் வேறு நின்றிருந்தார். பக்தவச்சலம் வெற்றிலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளு இருப்ப?" என்று தாயைக் கேட்டார்.

பூச்சியிடம் அவர் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவர் மூட்டைகளை மூடச் சென்றதும், ஜெகதாம்பாள் மருமகளின் கையைப் பற்றினார்.

"கோடி, மறுபடியும் போவச் சொன்னா இன்னாடீ பண்றது?"

தனக்கோடி கொல்லைக் கதவைத் திறந்து, வாதாமரத்தின் தாழ்ந்த கிளையைக் காட்டினாள்.

"பயப்படாத அத்த. விடியக்காலம் உனுக்கு ஆளனுப்பிட்டுதான் பூச்சியையே புடிச்சேன். எடுத்த எடத்துலயே, றெக்க நோவாம, திரும்ப வுட்டுகீறேன். அவரு வாயத் தொறந்தா, மறுபடி கொண்டாந்து படத்துமேல குந்த வச்சிர்றேன்."