உட்கார்ந்து செய்யும் வேலை

“அழுது உடம்பைக் கெடுத்துக்காதே. ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம்னு சொல்றாங்கல்ல?” என்றாள் சூப்பர்வைசர்.

மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கட்டிலில் இருந்தவள் அவளிடம் வேலை பார்ப்பவள். பக்கத்தில், பிறந்து ஒரு வாரமான ஆண் குழந்தை. விரைகள் இறங்கவில்லை. சிறுநீர்த் துவாரமும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

“எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்லைங்கறாங்க மாமியார்.”

“அவங்க வாய்க்குப் பூட்டா போட முடியும்? விடு.”

“நீங்க மட்டும்தான்க்கா எனக்கு. மாசமா இருக்கேன்னு சொன்ன அன்னிக்கே மேனேஜரோட மல்லுக்கட்டி, மெஷின்ல நின்னவளைப் பசை மேஜைல உட்கார வெச்சீங்க.”

“நின்னு நின்னே எனக்கு ரெண்டு கலைஞ்சுது. வேற யாருக்கும் அது வேணாம்னுதான்.”

“இப்ப என் சீட்டு யாருக்கு?”

“அதுக்கா ஆளில்ல? ஏழாம் மாசம் நீ லீவு போட்ட மறுநாளே ஆள் உட்கார்ந்தாச்சு” என்று சிரித்தாள் அக்கா.

குழந்தையைப் பார்க்க வந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். “அதென்ன பசை மேஜை?”

“கோட்டுத் தையல் மேல பிளாஸ்டிக் பசை பூசறது டாக்டர். அலுங்காத வேலை. கையுறை போட்டா வாகா வராது, விரலாலதான் தடவுவோம்” என்றாள் அக்கா.

“பசை இளக எண்ணெய் கலப்பீங்களா?”

“கலக்காம? கல்லா இறுகிடுமே!”

டாக்டரம்மா குழந்தையைத் துணியால் மூடினார்.

“இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த மாதிரி சில எண்ணெய் தாயோட உடம்புக்குள்ள போனா, வயித்துல இருக்கற ஆண் குழந்தைக்கு வேண்டிய ஹார்மோன் குறையலாம். மூணாவது, நாலாவது மாசத்துலதான் இந்த உறுப்பெல்லாம் உருவாகும். அது தாண்டிட்டா வேலையை மாத்தியும் பிரயோசனமில்ல. இனிமே மாசமா இருக்கறவங்களை அங்க உட்கார வைக்காதீங்க.”

கட்டிலில் இருந்தவள் தன் விரல்களையே பார்த்தாள். பிறகு அக்காவை.

அக்காவின் கைப்பேசி அடித்தது. துண்டித்தாள். மறுபடியும் அடித்தது. அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு, ஸ்பீக்கரில் அவள் மகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அம்மா! அஞ்சாம் மாசம் பொறந்ததுமே உன் பேரன் உதைக்க ஆரம்பிச்சுட்டான்! மேஜைலேர்ந்துதான் பேசறேன். இரு இரு, கையெல்லாம் பசை, போன் வழுக்குது…”