அலெக்சாந்திரியாவின் ஐந்து நிமிடம்

"அஞ்சு நிமிஷத்துல என்ன குடி முழுகிப்போச்சு?" என்று மேலாளர் ஹாத்திம் கத்தினார்.

"எங்க ஊரே முழுகிப்போச்சு!" நிவீன் அவரைவிடச் சத்தமாகக் கத்தினாள். "நேத்து சாயங்காலம் நம்ம செயலி நோன்பு திறக்கப் பாங்கு சொன்னப்ப அலெக்சாந்திரியாவுல சூரியன் இன்னும் கடல்மேல நிக்குது சார். நான் எழுதின செயலின்னு எங்க தெருவே நம்பித் தண்ணி குடிச்சுது. அத்தனை பேர் நோன்பும் போச்சு!"

முன்பெல்லாம் செயலிக்குள் ஊருக்கு ஒரு த்ரெட், அதாவது தனியே ஓடும் ஒரு நிரல் இழை. தன் ஊரில் பொழுது சாயும்வரை சர்வரில் காத்துக் கிடந்து பாங்கு சொல்லும். சர்வர் திணறுகிறது என்று ஹாத்திம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, எகிப்து முழுவதற்கும் கெய்ரோ நேரப்படி ஒரே த்ரெட் வைத்துவிட்டார். கெய்ரோக்காரருக்குக் கெய்ரோதானே எகிப்து!

"டிவியிலயும் கெய்ரோ நேரந்தான் சொல்றான்."

"'கெய்ரோவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்'னு சேர்த்துச் சொல்றானே, அது காதுல விழலையா?"

"மறுபடி அத்தனை த்ரெட் வெச்சா சர்வர் படுத்துடும்."

"ஒண்ணே போதும் சார். ஊர்களை நேரப்படி வரிசையில நிறுத்திட்டேன். முதல் ஊருக்குப் பாங்கு சொல்லிட்டு அடுத்த ஊருக்காக அதே த்ரெட் காத்திருக்கும். எழுதி, சோதிச்சும் பார்த்தாச்சு."

"பெருநாள் முடியட்டும், பார்க்கலாம்."

நிவீனுக்கு உச்சந்தலை கொதித்தது. "இன்னும் நாப்பது நிமிஷத்துல இன்னிக்கு நோன்பும் போயிடும்! இதை சர்வர்ல ஏத்தவா, இல்ல வேலைய விட்டுப் போகவா?"

"எனக்கே இல்லாத அக்கறை உனக்கெதுக்கு? ஏத்தித் தொலை!"

கெய்ரோவில் பாங்கு ஒலித்தது. அலுவலகமே பேரீச்சம்பழத் தட்டில் பாய்ந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத நிவீன் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று நிமிடம். நான்கு. ஐந்தாவது நிமிடத்தில் அலெக்சாந்திரியா பாங்கு சொன்னது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

ஹாத்திம் தலையைச் சொறிந்தபடி வந்து புளிப் பானகத்தை நீட்டினார். "நோன்பு பிடிக்கிறவங்க ஏழு பேர் இருக்கோம். எங்க ஒருத்தருக்கும் இது உறைக்கலையே?"

"எப்படி உறைக்கும்? எல்லாரும் கெய்ரோக்காரங்க!" என்று எரிந்து விழுந்தபடியே நிவீன் குவளையை வாங்கினாள். சட்டைக் கை விலகியதும், சிறு வயதில் தேவாலய வாசலில் பச்சை குத்திக்கொண்ட சிலுவை அவள் மணிக்கட்டில் தெரிந்தது.